ரெண்டாவது பிரேக்

— நின்னுடுச்சா மாஸ்டர்? நெசமாவே நின்னுடுச்சா?

— நின்னுடுச்சும்மா. கண்ணத் தொறங்க. மொதல்ல ஹேண்ட்பிரேக்கப் போடுங்க.

— போட்டுட்டேன். லாரியோட பின்பக்கம் மட்டுந்தான் தெரிஞ்சுது. உசுரே போயிடுச்சு.

— ஒண்ணுமில்லம்மா. கத்துக்குறப்போ இறக்கத்துல எல்லாருக்கும் இப்படித்தான்.

— நீங்க மட்டும் உங்க பக்கத்துப் பிரேக்க மிதிக்கலன்னா இந்நேரம் லாரிக்கு அடியில கெடப்போம். உங்க புண்ணியத்துல பொழச்சேன்.

— அதுக்குத்தானே மாஸ்டர் பக்கத்துலயும் ஒரு பிரேக் வெச்சிருக்கு. கொஞ்சம் தண்ணி குடிங்க.

— இந்த வயசுல உனக்கு எதுக்கு வண்டின்னு எங்க வீட்டுக்காரர் கேக்குறார். உங்க காலாலதான்னு அவர்கிட்ட சொல்ல வாய் வரல.

— ஏன், அவருக்கு ஓட்டத் தெரியாதா?

— நல்லா ஓட்டுவார். அவருக்கு சர்க்கரை வியாதி, மாஸ்டர். பாதம் மரத்துப் போச்சு. பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டர மிதிச்சு, வீட்டு கேட்டையே பேத்துட்டார். கேட்டுக்கு அந்தப் பக்கம் எங்க பேத்தி நின்னுட்டு இருந்தா.

— குழந்தைக்கு ஒண்ணும்...

— மயிரிழையில தப்பிச்சா. அன்னைக்கும் மனுஷன் பிரேக் ஃபெயிலுன்னுதான் சாதிச்சார்.

— ஒத்துக்குறது லேசில்லம்மா.

— ஒத்துக்க யாராவது சாகணுமா?

— லாரி நகருது. வண்டிய எடுங்க.

— இருங்க, இந்தத் தண்ணிய முடிச்சுக்குறேன். எனக்கு முன்னாடியே பொறி தட்டியிருக்கணும். செருப்பு கழண்டாக்கூடத் தெரியாம நடப்பார். கால் எங்க இருக்குன்னு குனிஞ்சு குனிஞ்சு பாத்துக்குவார். மாஸ்டர்.

— சொல்லுங்கம்மா.

— நீங்க ஏன் இப்போ குனிஞ்சு பாக்குறீங்க?

— பழக்கம்மா.

— வலது கால் செருப்பு எங்க?

— கால்லதான் இருக்கு.

— இல்ல மாஸ்டர். சீட்டுக்கு அடியில கெடக்குது. பாதத்துல ரத்தம் வேற வருது. வலிக்கலையா?

— முதலாளிகிட்ட சொல்லிடாதீங்கம்மா. ரெண்டும் பொண்ணுங்க. வேற தொழில் தெரியாது எனக்கு.

— எத்தன நாளா இப்படி?

— மழை ஆரம்பிச்சப்பவே விரல் மரத்துடுச்சு. இப்போ கணுக்கால் வரைக்கும் உணர்ச்சியே இல்ல.

— கடவுளே. உங்க கால நம்பித்தானே நான் தெனமும் இந்த சீட்டுல உக்காந்தேன். பயத்துல செத்து செத்து, பக்கத்துல மாஸ்டர் இருக்காருன்னு மனச தேத்திக்கிட்டு. சரி, இன்னைக்காவது உங்க பிரேக் புடிச்சுதே.

— புடிக்கலம்மா. வெறும் தரையத்தான் அழுத்திட்டு இருந்திருக்கேன். இப்போதான் பாத்தேன்.

— அப்போ முந்தாநேத்து அந்த சைக்கிள்காரர்? பள்ளிக்கூடத்து வாசல்ல ஓடி வந்த புள்ள? ஒவ்வொரு தடவையும் உங்களக் கையெடுத்துக் கும்பிட்டேனே மாஸ்டர்.

— எல்லாமே நீங்க நிறுத்துனதும்மா. அப்பவும் குனிஞ்சு பாத்தேன், என் கால் ஒரு தடவகூட பிரேக்குக்குப் போய்ச் சேரல.