தைரியமா மிதிங்க, மாப்பிள்ளை

அந்த நாற்காலியில் இந்தத் துணியை விரித்துக்கொண்டு உட்காருங்கள், சார். பட்டறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வெள்ளைச் சட்டையோடு வீட்டுக்குப் போனவர் யாரும் கிடையாது. வேன் மீட்டருக்குப் பின்னால் இருந்த சிவப்பு ஒயரைப் பற்றித்தானே கேட்க வந்தீர்கள்? அது நான் போட்டதுதான். அதைக் கண்டுபிடிக்கிற அளவுக்குப் போலீஸில் ஆள் இருப்பது எனக்கு உள்ளபடியே சந்தோஷம்.

முதலில் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தங்கமான பிள்ளை. ரொட்டிக் கடை வைத்திருக்கிறார், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, என் மகளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். கல்யாணமானதிலிருந்து இரண்டு பேரும் என் வீட்டு மாடியில்தான் இருந்தார்கள். வீட்டோடு மாப்பிள்ளை என்று யாராவது கிண்டல் செய்தால், "அத்தை சமையலுக்காக அந்தப் பட்டத்தையும் வாங்கிக்கறேன்" என்று சிரிப்பார். இப்படிப்பட்டவரை யாரால் வெறுக்க முடியும்? நானும் வெறுக்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் பெரிய கடையாகப் பார்த்திருக்கிறேன், இவளையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். அது ஒன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் அப்பா போன பிறகு எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான்.

சாமான் ஏற்றிப் போக அவருடைய ரொட்டி வேன் இருந்தது. பழைய வண்டி, அதன் கரண்ட் வேலை முழுக்க என் கையில்தான். ஏபிஎஸ் என்றால் தெரியும்தானே? திடீரென்று பிரேக்கை மிதித்தால் சக்கரம் இறுகி வண்டி வழுக்காமல், விட்டு விட்டுப் பிடிக்கிற ஏற்பாடு. சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று பார்க்க ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சென்சார் இருக்கும். முன்சக்கரத்துச் சென்சாருக்கு அடியில் ஒரு வாஷரைச் செருகிவிட்டேன். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்ததும் அதற்குக் கண் தெரியாமல் போயிற்று. மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

"என்ன அத்தை இது, கிளம்பற நேரத்துல?"

"மலைப்பாதை மாப்பிள்ளை. இதைச் சரி பண்ணாம உங்கள நான் அனுப்ப மாட்டேன்."

அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல நாட்கள். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்ப்பேன், உதட்டைப் பிதுக்குவேன். ஒருநாள் ஒயர் என்பேன், இன்னொரு நாள் பம்பு என்பேன். கட்டி வைத்த பெட்டிகளை மகள் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சாயங்காலம் மூன்று பேரும் சீட்டு விளையாடுவோம். மாப்பிள்ளை கள்ளாட்டம் ஆடுவார், நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

ரொட்டி வாங்க வந்த ஒரு லாரி டிரைவர் காரியத்தைக் கெடுத்தார். "லைட்டு எரிஞ்சா எரியட்டுமே, சாதா பிரேக் பிடிக்குமில்ல? இடைவெளி விட்டு மெதுவா போங்க, ஒண்ணும் ஆகாது" என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரிதான், அதுதான் வம்பு. மாப்பிள்ளை நேராக என்னிடம் வந்து, "ஊர்ந்துக்கிட்டே போயிடறோம் அத்தை. ஞாயித்துக்கிழமை கிளம்பறோம்" என்றார். மகள் பெட்டிகளை மறுபடி கட்டினாள். பாடிக்கொண்டே கட்டினாள். எனக்கு வயிறு எரிந்தது, சார், அதை ஏன் மறைக்க வேண்டும்?

உட்கார்ந்து யோசித்தேன். விளக்கு எரிகிறவரைக்கும் மனுஷன் பயந்து பயந்து பத்திரமாக ஓட்டுவார். அதனால் விளக்கை அணைத்தேன். வாஷரை எடுக்கவில்லை, கூடவே ஏபிஎஸ் பம்பின் ஃபியூஸையும் பிடுங்கிப் போட்டேன். மஞ்சள் விளக்கின் ஒயரை வெட்டி, அந்தச் சிவப்பு ஒயரால் மீட்டரிலேயே இருக்கிற பேட்டரி விளக்கோடு சேர்த்தேன். சாவியைத் திருப்பினால் எரியும், இன்ஜின் ஓடினதும் அணைந்துவிடும். நல்ல வண்டியிலும் அப்படித்தான் நடக்கும். மாப்பிள்ளைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "கைராசின்னா எங்க அத்தை கைராசிதான்" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

"இனிமே பயமில்ல. மழையா இருந்தாலும் தைரியமா மிதிங்க, மாப்பிள்ளை. மத்தத அது பாத்துக்கும்" என்றேன்.

ஞாயிறு வேண்டாம், புதன் போகலாம் என்றதும் நான்தான். ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில் என்று செய்தியில் சொன்னார்கள். புதன் காலையில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. "நீங்க சாமானோட முன்னால போங்க. அம்மாவப் பாத்துட்டு நான் ரயில்ல வரேன்" என்று மகள் வேனிலிருந்து இறங்கிக்கொண்டாள். அவள் உட்காருகிற வண்டியில் அப்படிச் செய்வேனா? பெற்றவள் சார் நான்.

மலை இறக்கத்தில் ஒரு வளைவு. நல்ல மழை, எதிரே ஒரு பஸ். மாப்பிள்ளை நான் சொன்ன மாதிரியே மிதித்திருக்கிறார். சக்கரம் இறுகிவிட்டது, ஸ்டீரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி நேராகவே போயிருக்கிறது. பஸ்ஸை உரசிக்கொண்டு போய்ப் பாறையில் மோதி நின்றது. அவருக்கு இரண்டு காலும் முறிந்துவிட்டது. பஸ்ஸில் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படி ஒரு பஸ் வரும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் சாக வேண்டும் என்று நினைத்தீர்களா என்று கேட்கிறீர்கள். அந்த ஊருக்குப் போய்ச் சேரக் கூடாது என்று நினைத்தேன். ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டால் என்ன என்பதையும் நினைத்துப் பார்த்தேன். பரவாயில்லை என்றுதான் தோன்றியது.

இப்போது அவரால் படி ஏற முடியாது, அதனால் இருவரும் கீழே என் பக்கத்து அறைக்கே வந்துவிட்டார்கள். வேளாவேளைக்கு நான்தான் ஊட்டிவிடுகிறேன். "எங்கம்மாகூட இப்படிப் பாத்துக்கிட்டதில்ல அத்தை" என்று கண் கலங்குகிறார். கால் நன்றாகக் கூடிவருகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். நேற்று மாப்பிள்ளை இன்னொரு வேன் வாங்குகிற பேச்சை எடுத்தார். அதனால் என்னை ஸ்டேஷனில் ரொம்ப நாள் உட்கார வைத்துவிடாதீர்கள், சார். அந்த வண்டியை நான் பார்க்காமல் வாங்கிவிடுவார்கள். மாப்பிள்ளை விஷயத்தில் வேறு யாரையும் நான் நம்புவதில்லை.