இரைச்சல் வந்த வழி

— கடைய மூணு தரம் கொட்டிக் கவுத்துட்டீங்க ராமசாமி சார். ரேடியோ ரிப்பேர் கடையில ரேடியோதான் இருக்கும். போலீஸ் வயர்லெஸ்ஸ அடைக்கிற மிஷினு எங்கேருந்து வரும்?

— எனக்குத் தெரியாதாம்மா கண்ணகி? போலீஸ் வயர்லெஸ்ல இருவத்தி மூணு வருஷமா டெக்னீஷியனா இருக்கேன். இன்ஸ்பெக்டர் நம்பணுமே. மறியல் ஆரம்பிச்சதுலேருந்து டேம் பங்களா கேம்ப்புல செட்டைத் தொறந்தா கர்ர்ருனு இரைச்சல். இந்தப் பக்கத்துல ரேடியோ தெரிஞ்ச ஆளு உன் புருஷன் வெங்கடேசன். மறியல் பண்ற சங்கத்துலயும் இருக்கான். தூக்கிட்டு வந்துட்டாரு.

— இருவது பர்சன்ட் எட ஒதுக்கீடு கேட்டு ஊரே ரோட்டுல ஒக்காந்துக்கினு இருக்குது. ரோட்ட மறிக்க அவரு ஒரு மரங்கூட வெட்டல சார். கொடி கட்டுனாரு, அவ்ளோதான்.

— கோவப்படாம கேளு. முந்தாநாள் வெள்ளிமலை கேம்ப்புலேருந்து செட்டுல கூப்ட்டிருக்காங்க. மலையில ஒரு பொம்பளைக்குப் பிரசவ வலி, ஜீப்பு அனுப்புங்கன்னு. ரெண்டு மணி நேரம் கூப்ட்டிருக்காங்க. இங்க இரைச்சல் தவிர ஒண்ணும் கேக்கல. தாய் பொழச்சுக்கிச்சு. கொழந்த இல்ல.

— அய்யோ.

— அதனாலதான் இன்ஸ்பெக்டருக்கு அவ்ளோ ஆத்திரம். சாயந்தரத்துக்குள்ள காரணம் தெரியலன்னா வெங்கடேசன் கடலூர் ஜெயிலுக்குப் போறான்.

— அடிச்சாங்களா?

— நான் வந்தப்புறம் இல்ல.

— அப்ப காரணத்தக் கண்டுபுடிங்க. இம்மாம் பெரிய பொட்டிய எதுக்குத் தூக்கிக்கினு திரியிறீங்க?

— இரைச்சல் அளக்குற மீட்டரும்மா. தியாகதுருகத்துலேருந்து நடந்தே வந்தேன், ரோடு பூரா மரம். ஓடையில கால் வழுக்கி இது தண்ணிக்குள்ள போச்சு. முள்ளு அசைய மாட்டேங்குது. என்னாலயும் ஒரு அடி அசைய முடியல.

— எழுந்திருங்க சார். இத எடுத்துக்கினு போலாம்.

— என்னது, பாக்கெட் டிரான்சிஸ்டரா?

— ஸ்டேஷன் புடிக்காத எடத்துல முள்ள வெச்சா இரைச்சல் மட்டும் கேக்கும். உள்ள கறுப்பா ஒரு குச்சி இருக்குதில்ல, அதோட முனை இரைச்சல் வர்ற பக்கம் திரும்புனா சத்தம் கம்மியாவும். டிவில கோடு வுழுதுன்னு சொல்லுவாங்க, இத வெச்சுதான் எந்தக் கம்பத்துல பொறி தட்டுதுன்னு பாப்போம்.

— யாரு சொல்லிக் குடுத்தது?

— கடையில ஒக்காந்து ஒக்காந்து வந்துது. நடங்க.

— கரும்புத் தோட்டம் தாண்டியாச்சு. ஒரு கம்பத்துலயும் சத்தம் இல்லியேம்மா.

— மரம் வுழுந்து ஒயரு அறுந்து நாலு நாளாச்சு. கரண்டே இல்ல, இன்னா பொறி வரும்? நில்லுங்க. கேக்குதா?

— கேக்குது. செட்டுல வர்ற அதே கர்ர்ரு.

— திருப்புறேன் பாருங்க. இப்டி ஜாஸ்தி. இப்டி கம்மி. முனை எங்க காட்டுது?

— கேம்ப்பைக் காட்டுது.

— முனைக்கு முன்னாலயும் இருக்கலாம், பின்னாலயும் இருக்கலாம். பத்தடி கேம்ப் பக்கம் போய்ப் பாருங்க.

— ஜாஸ்தியாவுது. அடக் கடவுளே, நம்ம கேம்ப்புக்குள்ளயேதான். வா, உள்ள போய்ப் பாத்துடலாம். தோ, இதான் செட்டு ரூம்பு. கல்லு வுழும்னு ஜன்னலச் சாத்தி வெச்சிருக்காங்க.

— அவரு எங்க?

— பின்கட்டுல. மொதல்ல இத முடிச்சிடு.

— என் பையில ஒரு பேனா இருக்கும், குடுங்க. அதோட குழாயில காயில் சுத்தி ரேடியோவுக்கு ஒயர் இழுத்திருக்கேன். கிட்டக்க இருக்கிறத மட்டுந்தான் கேக்கும். ஒவ்வொரு ஒயரா வெச்சுக்கினே போலாம். ஏரியல் ஒயரு, லேசா. மைக்கு, இல்ல. பேட்டரி ஒயரு... கத்துது பாருங்க!

— பேட்டரி எப்டிம்மா கத்தும்?

— பேட்டரி கத்தாது. அதுல வேற இன்னா மாட்டியிருக்கீங்க?

— தோ, அந்த டியூப்லைட்டு. கரண்டு இல்லாததால ராப்பகலா அதான் எரியுது.

— அமத்துங்க.

— அமத்திட்டேன். நின்னுபோச்சும்மா! செட்டைக் கேளு, வெள்ளிமலைக்காரன் கணீர்னு பேசுறான். இன்ஸ்பெக்டர் அய்யா, வாசல்ல நின்னு நீங்களே கேட்டீங்க இல்ல? ஒருத்தனும் அடைக்கல. வெங்கடேசன வுட்டுடலாம்.

— இன்ஸ்பெக்டர் இன்னா சொல்றாரு? வெளிய போறாரே?

— கதவைத் தொறக்கச் சொல்லத்தான் போறாரு. உன் ஆளு இப்ப வந்துடுவான். ஏம்மா, அந்த லைட்ட எதுக்குக் கழட்டுற?

— இது எங்கேருந்து வந்துது சார்?

— பந்தல்காரர் கண்ணாயிரம் வாடகைக்குக் குடுத்தது. உள்ள பார், பேரும் இல்ல ஊரும் இல்ல. இரைச்சலை அமுக்க ஒரு கண்டன்சர் போட்டிருக்கணும், அதக்கூட போடல பாவி. எவன் பண்ணான்னு தெரியலன்னு ரெண்டு வரி எழுதிட்டுப் படுத்துடுவேன். நீ அவனக் கூட்டிட்டு வூடு போய்ச் சேரு.

— மலையில அந்தப் பொம்பள... பேரு இன்னா சார்?

— ஆயம்மாள்னாங்க. தலைச்சன் பிரசவம். அதான் முடிஞ்சுதே, இப்ப ஏன் அழுவுற? தோ, வெங்கடேசன் வெளிய வந்துட்டான். பாரு, நல்லாத்தான் நடக்குறான்.

— பாத்துட்டேன். அவர வூட்டுக்குப் போவச் சொல்லுங்க. நான் வரல.

— வரலயா? ஏம்மா?

— வெல கம்மியா வரணும்னு கண்டன்சர வுட்டது நான்தான் சார்; இது மாதிரி பன்னெண்டு லைட்டு பண்ணேன், அதுல ரெண்டு லைட்டு மலைக்குப் போயிருக்குது, எங்க எங்கன்னு சொல்றேன், எழுதிக்குங்க.