நான்காம் அட்டைக்கு இடம் தராத ஜனகராஜ் அண்ணனுக்கு

கெடு நெருங்கினாலும் குரல் உயர்த்தாத குணக்குன்றே, பதறி வந்தவரையும் பதமாய்ப் பேசி அமரவைத்த பண்பாளரே, கே.கே. நகர் மாடியில் இயங்கும் எங்கள் மென்பொருள் நிறுவனத்தின் திட்ட மேலாளரே, அன்பு அண்ணன் ஜனகராஜ் அவர்களே, வணக்கம்.

பணி ஓய்வு பெறும் தங்களை வழியனுப்ப மனம் வராததற்குப் பாசம் பாதிக் காரணம். மீதிப் பாதி பயம். தாங்கள் போனபின், தாங்கள் மாட்டிய அந்த வேலைப் பலகையின் சட்டம் நிற்குமா என்ற பயம்.

தாங்கள் வந்து சேர்ந்தபோது இங்கே எல்லா வேலையும் நடந்துகொண்டிருந்தது, எதுவும் முடிந்தபாடில்லை. எங்களில் பாதிப்பேர் விளக்குத்தூண் கடைவீதிகளில் பேரம் கேட்டு வளர்ந்தவர்கள். வாடிக்கையாளரிடம் முடியாது என்று சொல்லும் நாக்கு எங்களுக்கு வாய்க்கவில்லை. கேட்டதற்கெல்லாம் நாங்கள் தலையாட்டினோம். நிரல் எழுதுவோர் தூக்கத்தைத் தொலைத்தனர்.

தாங்களோ யாரையும் திட்டாமல், ஒரு வேலை எந்த மேசையில் தொடங்கி எந்த மேசையில் உறங்குகிறது என்று மட்டும் கவனித்தீர்கள். கவனித்ததை வெள்ளைப் பலகையில் கட்டங்களாக வரைந்தீர்கள்: கேட்டவை, செய்பவை, சோதிப்பவை, கொடுத்தவை. ஒரு வேலைக்கு ஓர் அட்டை. 'செய்பவை' கட்டத்தில் மூன்று அட்டைதான். நான்காவது நுழைய வேண்டுமானால் ஒன்று வெளியேற வேண்டும். சட்டம் அவ்வளவே. அதை எதிர்த்து நாங்கள் பேசியது கொஞ்சமல்ல.

மாட்டுத்தாவணிப் பூக்கமிஷன் கடைக்காரர் அழகுபாண்டி வந்த நாளை மறப்போமா? தை முகூர்த்தத்துக்குள் தம் கடை மென்பொருளில் ஐந்து மாற்றம் வேண்டும், இல்லையேல் வேறு ஆளைப் பார்ப்பேன் என்றார். விற்பனைப் பிரிவு உமேஷ் தலையாட்டுமுன் தாங்கள் அவரைப் பலகை முன் நிறுத்தினீர்கள்.

"அஞ்சும் செய்யலாம்ணே. இந்த மூணுல ரெண்டு உங்களுதுதான். எதை எடுக்கட்டும்?"

"எதையும் எடுக்காமச் செய்யிங்க."

"ஒரே தராசுல மூணு பேர் பூவை ஒண்ணாப் போட்டு நிறுப்பீங்களாண்ணே?"

"என் தராசை வச்சே என்னை மடக்குறீங்களே" என்று சிரித்தவர், பூவிலை விவசாயிக்கு மெசேஜாகப் போவதுதான் முதலில் வேண்டும் என்று தாமே வரிசை சொன்னார். முகூர்த்தத்துக்கு முன்பே மெசேஜ் போனது. பக்கத்துக் கடைக்காரர்களையும் அவரே அழைத்து வந்தார்.

எங்கள் பயத்துக்குச் சோதனை சென்ற வாரமே வந்தது. "அண்ணன்தான் கிளம்புறாருல்ல, ஒண்ணே ஒண்ணு" என்று உமேஷ் நான்காம் அட்டையை ஒட்டினார். தங்கள் நாற்காலிக்கு வரவிருக்கும் ரம்யாஸ்ரீ அதை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"தாராளமா ஒட்டலாம் சார். எதை எடுக்கட்டும்?"

உமேஷ் ஆதரவுக்குத் தங்களைப் பார்த்தார். தாங்கள் பலகைப் பக்கமே திரும்பாமல், டீ குடிக்கக் கீழே இறங்கிப் போனீர்கள்.

ஆனையூர் இல்லத்தில் அன்புத் துணைவியார் ராதாமணி அம்மையாருடன், நோயண்டா உடலும் நொடியா உள்ளமுமாய் நெடுங்காலம் வாழ்க. வீட்டு வேலைக்கு மூன்று என்ற வரம்பு செல்லாது என அம்மையார் எங்களிடம் முன்பே சொல்லிவிட்டார்கள்.

உமேஷ் கடைசியில் ஓர் அட்டையை எடுத்தார் அண்ணே. பலகை நிற்கிறது. நிம்மதியாகப் போய் வாருங்கள்.

இப்போது நன்றாகத் தூங்கும்
நிரல் எழுதுவோர், சோதிப்போர்,
உமேஷ் உள்ளிட்ட விற்பனைப் பிரிவினர்