இறங்கிய கோடும் ஏறிய புள்ளியும்

என்னைப் பேசவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்காமலிருக்கும் பெருந்தன்மை மிக்க அவைத்தலைவர் அவர்களே! கற்றலாலும் கனிவாலும் இந்த மேடையைக் களைகட்ட வைத்திருக்கும் சான்றோர்களே! வீட்டு வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கும் தாய்மார்களே! இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் அன்பர்களே! அனைவருக்கும் என் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

நம் நூலகத்துக் காகிதக் கையெழுத்துச் சுவடிகள் பதினோராயிரத்தின் பட்டியல் இன்று இணையத்தில் ஏறிவிட்டது. அதற்காக என்னைப் பாராட்டினார் தலைவர். அந்தப் பாராட்டு எனக்குரியதா? இல்லை, இல்லவே இல்லை!

ஆறு ஆண்டுகளுக்கு முன் பட்டியல் பிரிவுக்கு நான் மேலாளர். தட்டச்சு செய்ய ஓர் அம்மையார் வந்தார். எந்தப் பிழையும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஆகவே அலுவலகம் முழுமைக்கும் அவர் ‘பூதக்கண்ணாடி அக்கா’. நூலின் பெயர், பொருள், ஆண்டு, இவை போதும் என்றேன் நான். அவரோ பக்கத்துக்கு எத்தனை வரி, படியெடுத்தவர் கடைசியில் ‘மழை’ என்றோ ‘மை காயவில்லை’ என்றோ கிறுக்கிய குறிப்பும் போட்ட குறியும் என்ன என்பதையும் சேர்த்து ஏற்றிக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, அன்னிக்கு மழை பெஞ்சது இப்ப யாருக்கு வேணும்? அந்த ரெண்டு கட்டத்தையும் அழிச்சிடுங்க.”

“மெனக்கெட்டு எழுதி வச்சிருக்காங்களே சார். நாமளே கேக்கலைன்னா வேற யார் கேப்பாங்க?”

“சொன்னதைச் செய்யுங்கம்மா!”

(என்ன, முன்வரிசையில் முறைக்கிறீர்கள்? முறையுங்கள் தாயே, முறையுங்கள். நான் அதற்குத் தகுந்தவன்தான்!)

அக்கா அழிக்கவில்லை. என் கண்ணில் படாமல் மறைத்து வைத்தார்.

சென்ற மாதம் பட்டியலைக் கணினியில் வரைபடமாக்க ஒரு பொறியாளர் அம்மையார் வந்தார். ஒரு சுவடிக்கு ஒரு புள்ளி, திரையெங்கும் புள்ளிகள். அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார்: “கடைசிப் பக்கத்துல மூணு சுழியும் ஒரு பிறையும் போட்டிருக்கறத மட்டும் தனியா எடுக்க முடியுங்களா மேடம்?”

எடுத்தார். நாற்பத்தொரு புள்ளிகள்! மருத்துவம், கணிதம், கதை என்று வெவ்வேறு அலமாரிகளில் சிதறிக் கிடந்தவற்றுக்கு ஒரே குறி. ஆண்டு வாரியாகப் பக்கத்துக்கு எத்தனை வரி என்று கோடு இழுத்தார். கோடு இறங்கியது. முப்பத்திரண்டு, இருபத்தாறு, இருபது, பதினான்கு.

ஏன் இறங்கியது? அக்கா குறிப்புகளை உரக்கப் படித்தார். “மழை. மை காயவில்லை.” “இடக்கண் மங்குகிறது.” “மகள் வாசிக்க, நான் எழுதினேன்.” பார்வை குறையக் குறைய எழுத்து பெருத்தது, எழுத்து பெருக்கப் பெருக்க வரி குறைந்தது. கண் ஓய்ந்தது, கை ஓய்ந்ததா? ஓயவில்லை, ஐயா, ஓயவில்லை!

ஆனால் கடைசிப் புள்ளி மட்டும் முப்பத்தொன்றுக்குத் தாவி நின்றது.

“தப்பாத் தட்டிட்டீங்களோ?” என்றேன்.

அக்கா அலமாரிக்குப் போய் அந்தச் சுவடியையே கொண்டுவந்து விரித்தார். கையெழுத்து வேறு, குறி மட்டும் அதே குறி. கீழே இருந்தது: “இதுவரை எழுதியவர் என் அம்மா. அவருக்குக் கண் முழுதும் போய்விட்டது. இனி என் கை. பிழை இருந்தால் என்னுடையது. அம்மாவைக் குறை சொல்லாதீர்.”

அதுவரை எழுதியவர் ஆண் என்றே நான் நினைத்திருந்தேன். பொறியாளர் மூக்கை உறிஞ்சினார். நான் கண்ணாடியைத் துடைத்தேன். துடைக்க அதில் தூசி ஒன்றும் இல்லை.

“எழுதினவர் பேர்னு என்னம்மா போடறது?” என்று கேட்டேன்.

“பேர் தெரியலைன்னா என்ன சார்? ஒரு அம்மா, அவங்க மகள். அப்படியே போடுங்க.”

அப்படியேதான் போட்டிருக்கிறோம், இன்றிரவே தேடிப் பாருங்கள்! என் பேச்சை அவர் கேட்டிருந்தால் பதினோராயிரம் புள்ளிகளுக்குள் அந்த இருவரும் தொலைந்திருப்பார்கள். அதிகாரியின் ஆணை பெரிதா, அக்காவின் அன்பு பெரிதா? நீங்களே சொல்லுங்கள்!

அக்கா, கொஞ்சம் எழுந்து நில்லுங்கள். வேண்டாம் என்று கையாட்டுகிறார் பாருங்கள்! பரவாயில்லை, உட்கார்ந்தபடியே கேளுங்கள்: இத்தனை பேர் முன்னிலையில் நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அன்று கீழ்ப்படியாமல் இருந்ததற்கு, இந்த அவையின் சார்பில் நன்றியும் சொல்கிறேன்.

செவி கொடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி. வாழிய நீங்கள்! வணக்கம்.