கட்டிலுக்கு எதிரே ஒரு ஜன்னல்

பெட்ரோல் கிடைக்காத யுத்த காலத்தில் ஒருநாள் நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் கரி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். ஜில்லாவிலேயே நல்ல கட்டடம் எதுவோ, அதைக் கட்டிய இஞ்சினீருக்குத் தங்க மெடல் தரப்போகிறார்கள் என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. என் முன்சீட்டில் ஒரு ஜவுளி வியாபாரியும் ஒரு விவசாயியும் அதைத்தான் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“புது மார்க்கெட்டக் கட்டுனவருக்குத்தானுங்க குடுக்கோணும். எத்தாப் பெரிய வளைவு!” என்றார் வியாபாரி.

“ஏனுங்க, ஆத்துப் பாலத்த உட்டுப்போட்டீங்களே?”

“பாலம் கட்டடத்துல சேருமாங்க?”

பக்கத்து சீட்டில் இருந்த பெண் சட்டென்று சொன்னாள்: “பிரசவ ஆஸ்பத்திரிக்குக் குடுக்கோணுமுங்க. அங்க ஜன்னல் தாழ இருக்குது.”

வியாபாரி சிரித்தார். “தப்பா வெச்சுட்டாங்கன்னு எல்லாரும் அதைத்தான் கேலி பேசறாங்க, அம்மிணி.”

“கட்டில்ல படுத்துக் கெடந்தவங்க பேசமாட்டாங்க. பெத்ததும் எனக்குத் தொத்துக் காய்ச்சலுங்க. கொழந்தையக் கிட்டயே உடல. எங்கூட்டுக்காரர் தெனமும் பொழுதோட கொழந்தையத் தூக்கிட்டு வந்து ஜன்னலுக்கு வெளிய நிப்பாரு. எந்திரிக்க முடியாட்டியும் அது மூஞ்சி எனக்கு நல்லாத் தெரியும். அதப் பாத்துத்தான் பொழச்சேன்.”

பஸ் புதுச்சத்திரத்தில் நின்று கிளம்பியது. பிறகு வியாபாரி, “அப்ப அந்த இஞ்சினீருக்கே குடுக்கட்டுமுங்க” என்றார்.

“மெடல் யாருக்கு வேணா போகட்டுமுங்க” என்றாள் அவள். “எங்கூருப் பக்கமும் ஆஸ்பத்திரி கட்டப்போறாங்களாமா. உங்களாட்டம் பெரியவங்க சொன்னாக் கேப்பாங்க. அங்கியும் ஜன்னலத் தாழ வெக்கச் சொல்லுங்க.”