சிங்கக் காட்டுக்குத் தலைகாணி

ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. தாம்பரத்தில் ரயில் கிளம்பியதும் எதிரே இருந்தவள் கணவரிடம் உரக்கவே கேட்டாள்.

"சிங்கம் பார்க்கப் போற எடத்துல எதுக்குங்க கோல்ஃப் மட்டை?"

"காலைல ஆட்டம், சாயங்காலம் சிங்கம். என் மட்டையால ஆப்பிரிக்கா புல்லுல ஒரு அடி அடிக்கணும், ரொம்ப நாள் ஆசை. நீ அந்தத் தலைகாணிய விட்டுட்டு வா."

"அது இல்லாம எனக்குத் தூக்கம் வராது. காட்டுக்குப் போற பிளேன் சின்னது, மெத்துன்னு இருக்கற பையைத்தான் ஏத்துவாங்கன்னு டிராவல்ஸ்காரர் சொன்னாரே. தலைகாணி ஏறும், உங்க இரும்பு ஏறாது."

ஜன்னலில் பல்லாவரம் மலை மெல்ல வந்தது.

"யானை இப்படித்தான் நிக்குமாங்க?" என்றாள், கனவில் கேட்பதுபோல.

அவரும் மலையையே பார்த்தார்.

"மட்டை அங்கேயே வாடகைக்குக் கிடைக்குமாம். ஆனா ராத்திரி கூடாரத்துல சிங்கம் கத்துச்சுன்னா, தலைகாணியில பாதி எனக்கு."