மூன்றாவது உருளை

சேலத்து வெயிலில் சளி பிடிக்கும், ஜுரம் வரும். ஆனால் செவ்வாய்ப்பேட்டைக்காரனுக்குத் தொண்டை மட்டும் கட்டாது. கட்டினால் கடையைக் கட்ட வேண்டியதுதான். ஆகவே நீங்கள் கேட்டதற்கு நிதானமாகவே பதில் சொல்கிறேன். அந்தச் சீலை மூட்டைமேல் சாய்ந்துகொள்ளுங்கள், பரவாயில்லை. விற்காத சரக்கு.

உங்கள் கல்லூரியில் ஓர் இசைத்தட்டு இருக்கிறது. அதில் ஒரு கிழவி ஒப்பாரி வைக்கிறாள். தமிழ் படிக்க வருகிற வெள்ளைக்காரர்களுக்கு அதைப் போட்டுக் காட்டி, துக்கம் வந்தால் தமிழர் இப்படித்தான் பேசுவார்கள், புத்தகத்தில் இருப்பது போல அல்ல என்று பாடம் நடத்துகிறீர்கள். அவள் யார், எந்தச் சமயத்தில் பாடினாள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். நாளைக்கு மேச்சேரிக்கே கொண்டுபோய் அந்த ஊராருக்கும் போட்டுக் காட்டப் போகிறீர்கள். அதற்கு முன்னால் இதைக் கேட்டுவிடுங்கள். அழுகைக்கு முன்னால் ஓர் ஆண்குரல் இரண்டு வார்த்தை பேசுகிறதே, அது என் குரல்.

மேட்டூர் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். லாங்க்லி துரை என்று ஒருவர் சீமையிலிருந்து வந்தார். நம் ஜனங்கள் வாயால் பேசுகிற தமிழைப் பிடித்து வைப்பதும், அதைக் கற்றுக்கொண்டு பேசுகிறவன் எங்கே வழுக்கி விழுகிறான் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதும் அவருடைய ஆராய்ச்சி. வழுக்கி விழுகிறவனுக்கு அவர் வெளியே தேட வேண்டியதே இல்லை. முதல் நாளே மோர்க்காரியிடம் போய், "அம்மையே, எமக்குச் சிறிது மோர் ஈவீர்களா" என்றார். அவள் பானையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "ஏனுங்க, இவருக்குச் சாமி வந்திருக்குதுங்களா?" என்று கேட்டாள். துணித் தரகில் பட்டணத்து ஏஜெண்டுகளோடு பேசிப் பழகிய இங்கிலீஷ் எனக்குக் கொஞ்சம் உண்டு. அதனால் துரை தமக்கு வாயாக என்னை வைத்துக்கொண்டார்.

ஒலி பிடிக்கிற பெட்டி ஒன்று வைத்திருந்தார். பெரிய ஊமத்தம்பூ மாதிரி ஒரு குழாய், உள்ளே மெழுகு உருளை. குழாய்க்கு முன்னால் பேசினால் உருளையில் பதியும். உங்கள் தட்டு பிற்பாடு அந்த உருளைகளிலிருந்து எடுத்ததுதான். சிக்கல் அங்கேதான். குழாயைக் கண்டால் நம் ஆட்களுக்குப் பேச்சே மாறிவிடும். மேச்சேரி ஆட்டுக்காரர் சின்னண்ணன் நாளெல்லாம் ஆட்டின் பரம்பரையையே திட்டித் தீர்க்கிற மனுஷர். குழாய்க்கு முன்னால் நிறுத்தினால், "யாம் ஆடு மேய்த்து வருகின்றோம்" என்று கூத்து ராஜா மாதிரி முழங்கினார். துரைக்கு முகம் தொங்கிவிட்டது. இது என்னுடைய தமிழ்தானே, இதை எடுக்கவா கப்பல் ஏறி வந்தேன் என்றார்.

நான் ஒரு யுக்தி செய்தேன். குழாயை மறந்தவன் போலச் சின்னண்ணனுடைய கிடாய் ஒன்றின் கொம்பைப் பிடித்து அடிமாட்டு விலைக்குக் கேட்டேன்.

"என்ரா வெல கேக்கற? உனக்குக் கண்ணு மொகத்துல இருக்குதா, முதுகுல இருக்குதா?"

"கெடாயக் கேட்டனுங்க. உங்க மீசையச் சேத்துக் கேட்டா கூடப் போட்டுக் குடுப்பேன்."

"சேலத்து வாயி. ஆட்டத் தொடாத, அதுக்கும் சொறி வந்துரும்."

துரை அன்று உருளையைக் கட்டிப் பிடித்துக் கூத்தாடாத குறை. கைவிட்டுப் போகிற பொருள் ஒன்று எதிரில் இருந்தால் மனிதன் குழாயை மறந்துவிடுவான். அன்று நான் கண்ட உண்மை அது. அதை அத்தோடு விட்டிருக்கலாம்.

துரைக்கு அடுத்தபடி துக்கம் வேண்டியிருந்தது. அடக்கமாட்டாமல் வருகிற பேச்சு எப்படி இருக்கும் என்று கேட்டார். அந்த வட்டாரத்தில் ஒப்பாரிக்குக் கண்ணாத்தாள்தான். எந்த ஊர்ச் சாவுக்கும் அவளைத் தேடி ஆள் வரும். போய்க் கேட்டோம். அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"எழவு உழுகாத ஊட்டுல ஒப்பாரி வெச்சா, எழவு தேடிக்கிட்டு வரும் சாமி. தொரைகிட்டச் சொல்லு, நடவுப் பாட்டு வேணும்னாப் பாடறேன்."

எந்தப் பெண்ணும் பாடமாட்டாள் என்று ஊரே சொன்னது. துரை பெட்டியைக் கட்டச் சொன்னார். அவருடைய வருத்தத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. என்னால் முடியாது என்று ஒருவன் பேரத்தை முடிப்பது எனக்குப் பிடிக்காது. அவ்வளவுதான்.

கண்ணாத்தாளுக்கு ஒரே மகன், செல்லமுத்து. மழையில்லாத வருஷம், அணைக்கட்டுக்குக் கல் உடைக்கப் போயிருந்தான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மருமகள் சௌந்திரம் அன்று தோட்டத்தில் கடலைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். மறுபடி போய், நடவுப் பாட்டே போதும் என்று சொல்லிக் கண்ணாத்தாளை அவள் வீட்டு வாசலிலேயே குழாய்க்கு முன்னால் உட்கார வைத்தேன். துரை உருளையைச் சுழலவிட்டார். நான் சொன்னேன்:

"ஆத்தா, வழியில மேட்டூர்ல இருந்து ஒரு ஆளு வந்தானுங்க. அங்க பாறை சரிஞ்சு போச்சாமா. நம்ம செல்லமுத்து..."

அதற்குமேல் நான் சொல்லவில்லை. செத்தான் என்று என் வாயால் வரவில்லை. தட்டைப் போட்டுப் பாருங்கள், இருக்காது. செத்ததாகப் பொய்ச் சேதி வந்தால் ஆயுசு கெட்டி என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். அதையும் நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் அழட்டும், பிறகு நான் விசாரித்து வந்த மாதிரி 'வேற ஆளாமா ஆத்தா' என்று சொல்லிவிடலாம், சிரித்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

அவள் அழுததை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். நான் விவரிக்க வேண்டியதில்லை. தட்டில் தெரியாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். அவள் மண்ணில் புரண்டு குழாயை விட்டு விலகிப் போனாள். நான் போய் அவள் தோளைப் பிடித்துத் தூக்கி, முகத்தைத் திருப்பி, மறுபடி குழாய்க்கு நேராக வைத்தேன். மார்பில் அடித்துக்கொள்கிற சத்தம் பாட்டைக் கெடுத்துவிடும் என்பதால் கைகளையும் பிடித்துக்கொண்டேன். ஆறுதலுக்குப் பிடிப்பதாக நினைத்து அவள் என் தோளில் சாய்ந்தாள். துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது நடிப்போ?" என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். கற்றுக்கொண்டு பேசுகிறவர் காதுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

முதல் உருளை முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. அப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். துரை ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார், இன்னும் ஒன்று என்று. நான் வாயை மூடிக்கொண்டேன். ஒரு உருளை என்பது அடுப்பில் பால் பொங்குகிற நேரம்கூட இல்லை.

சௌந்திரத்துக்கு யாரும் சேதி சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. தன் வீட்டிலிருந்து மாமியார் குரல் ஒப்பாரியாக வருகிறது, அதில் தன் புருஷன் பெயர் வருகிறது. எழவு விழாத வீட்டில் ஒப்பாரி கிடையாது என்பது அவளுக்குத் தெரியாதா? எனக்கே அதைத்தானே ஊரார் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் கிணறு. மூன்றாவது உருளையின் கடைசியில் தூரத்தில் ஏதோ கூச்சல் கேட்கும். நாய்ச் சத்தம் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அது கிணற்று மேட்டிலிருந்து வந்த மனுஷச் சத்தம்.

செல்லமுத்து உயிரோடு இருக்கிறான் என்பதைக் கண்ணாத்தாளுக்குக் கிணற்று மேட்டில் வைத்துத்தான் சொன்னேன்.

"நெசமாவா சாமி? எம்பையன் இருக்கறானா?" என்றாள். அவள் முகம் மலர்ந்தது. மலர்ந்தபடியே திரும்பிக் கயிறு கட்டி மேலே ஏற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

ஊர் மணியகாரர் சேதி சொன்ன ஆள் எவன் என்று கேட்டார். அப்படி ஒருவன் கிடையாது. ஆனால் அடையாளம் இல்லாத பொய் விலை போகாது. நெட்டையான ஆள், அம்மைத் தழும்பு என்றேன். துரைக்கு, யாரோ வேறு வீட்டுப் பெண், குடும்பச் சண்டை என்றேன். போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கையால் அன்று சோறு பிசைய எனக்கு வெட்கமாக இருந்தது. பிசைந்து சாப்பிட்டேன்.

கண்ணாத்தாள் சாகும்வரை என்னைப் பற்றி நல்லபடியாகவே சொன்னாளாம். "அந்தச் சேலத்துக்காரரு புடிச்சுக்கலீன்னா நானும் போயிருப்பன்" என்று மகனிடம் சொல்லியிருக்கிறாள். அதனால்தான் அவன் என்னிடம் வருகிறான். இப்போது ஜலகண்டாபுரத்திலிருந்து இந்தக் கடைக்குத் துணி மூட்டை கொண்டுவருகிற வண்டி அவனுடையது. மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. வண்டியில் ஓர் அரிவாள் எப்போதும் கிடக்கும்.

"ஏனுங்க, அந்தப் பொய்ச் சேதி சொன்னவன எங்கியாச்சும் கண்டீங்களா?"

"இல்லீங்க தம்பி."

"இன்னொரு அடையாளம் இருந்தாச் சொல்லுங்க, பாத்துக்கறேன்."

ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று சொல்லி அனுப்புவேன். கொஞ்சம் சாய்ந்து நடப்பான், காதில் கடுக்கன் என்று. தேடுகிறவன் கிணற்றில் விழமாட்டான் அல்லவா. அவனை உயிரோடு வைத்திருப்பது என் கைங்கரியம் என்றுகூட எண்ணியிருக்கிறேன். சொல்லவே கூசுகிறது.

நீங்கள் தட்டோடு வருகிற சேதி சந்தையெல்லாம் பரவிவிட்டது. இன்று காலை வந்தவன் மூட்டையை இறக்கவில்லை. "எங்காத்தா கொரலு அதுல இருக்குதாமா. அன்னிக்கு எடுத்ததுங்களா? அப்ப அந்தாளு சொன்னதும் அதுல இருக்குங்களா?" என்றான். கேட்டுவிட்டு வேண்டியதைவிடச் சற்று அதிகமாகவே என் முகத்தைப் பார்த்தான். நான் சேதி சொல்வதற்கு முன்பே உருளை சுழன்றுகொண்டிருந்தது என்பது தட்டைக் கேட்டால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

நான் ஓர் அடையாளம் சொன்னேன். இடது கையில் சுண்டுவிரல் இருக்காது, ஜலகண்டாபுரத்தில் வெற்றிலை விற்கிறான் என்றேன். அப்படி ஒரு ஆள் அங்கே இருக்கிறார். எனக்கு நன்றாகத் தெரியும், சாதுவான மனுஷர், மேட்டூரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. செல்லமுத்து எப்போதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் புறப்படுவான். இன்று காட்டவில்லை.

இப்போது தெருமுனையில் இரைந்துகொண்டு போனது கரியில் ஓடுகிற பஸ். ஜலகண்டாபுரத்துக்கு மத்தியானத்தில் அது ஒன்றுதான். மாட்டு வண்டிக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். விஷயம் முன்பே தெரிந்திருந்தால் அந்த வெற்றிலைக்காரரை எச்சரிக்க நீங்கள் அதில் ஏறியிருப்பீர்கள். அது போகிற சத்தம் கேட்கிறவரைக்கும்தான் பேசினேன்.